மடத்து மண்ணில் ஓர் இடம்

வீட்டில் அவனுக்கு வாயாடி என்றுதான் பேர். அவன் இருபத்திரண்டு வயதில் மௌனத் துறவிகளின் மடத்தில் சேரப்போகிறேன் என்றதும் தெருவே சிரித்தது. "ஒரு வாரம் தாங்கமாட்டான்" என்றாள் அக்கா. அம்மா போன பிறகு தையல் மிஷினை மிதித்தே அவனை ஆளாக்கியவள். வாய்தான் சிரித்தது, அன்றைக்குத் தைத்த சட்டைக்கு இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள்.

வாயாடி நாற்பத்தாறு வருஷம் தாங்கினான். நானூறு வருஷத்துப் பழைய மடம். கல்லறைத் தோட்டம் அவன் பொறுப்பு. முப்பத்தொரு துறவிகளுக்கு அவனே குழி வெட்டினான். வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கப்போகும் அக்காவிடம் மடத்து மாதா கோயில் சுவரோரம் ஓர் இடத்தைக் காட்டுவான்.

"இது எனக்குக்கா. நல்ல இடம், மேடு."

"வாயைக் கழுவுடா" என்பாள்.

புதிதாய் யாரும் சேரவில்லை. கடைசியில் மிஞ்சியது அவனோடு சேர்த்து ஐந்து கிழவர்கள். மடம் பாரம்பரியச் சின்னமாகி அரசாங்கத்தின் கைக்குப் போனது. ஐவரும் நகரத்து முதியோர் இல்லத்துக்கு வந்தார்கள். வந்த ஆறாம் மாதம் வாயாடிக்கு நுரையீரல் கெட்டது. அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "என்னை அங்கதான் வைக்கணும்க்கா."

அக்கா மூன்று தடவை தொல்லியல் துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அதிகாரி நல்ல மனுஷர், உட்காரவைத்துத்தான் பேசினார்.

"அங்க ஒரு கல்லை நகர்த்தணும்னாலும் அனுமதி வேணும்மா. புதுசா குழி வெட்டச் சட்டத்துல வழியே இல்ல."

"அங்க முப்பத்தொரு குழி என் தம்பி வெட்டினதுதான் சார்."

அவர் தலை குனிந்துகொண்டார். "அதையும் சேர்த்துத்தான்மா பாதுகாக்கறோம்."

இல்லத்துக்குத் திரும்பியபோது வாயாடி விழித்திருந்தான். "என்னக்கா சொன்னாங்க?"

மூச்சுக்குத் தவிக்கும் அந்த முகத்தைப் பார்த்ததும், "சரின்னுட்டாங்கடா" என்று வந்துவிட்டது.

"சுவரோரம்தானே?"

"சுவரோரம்தான்."

"எழுதிக் குடுத்தாங்களா?"

"முத்திரையே குத்திக் குடுத்தாங்க."

ஒரு பொய்க்கு ஒன்பது பொய். அன்று மத்தியானம் முழுக்க அவன் மூச்சு வாங்க வாங்கப் பேசினான். எத்தனை அடி ஆழம், எந்தப் பக்கம் வேர் குறுக்கிடும், மண்வெட்டி எங்கே இருக்கும் என்று ஒன்று விடவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பக்கத்துக் கட்டிலில் மடத்துத் தலைவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மடத்தை ஒப்படைத்தபோது கையெழுத்துப் போட்டவர், அவருக்கு உண்மை தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் வாயாடி போய்விட்டான்.

நகரத்துப் பொதுக் கல்லறையில், முகம் தெரியாதவர்கள் நடுவில் புதைத்தார்கள். குழி வெட்டியவர்களுக்கு அடுத்த வேலைக்குப் போகிற அவசரம். நான்கு கிழவர்களும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அக்கா ஒரு பிடியோடு நிற்கவில்லை. மண்டியிட்டு இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள்.

"சாமி, சாகப்போறவன்கிட்ட பொய் சொல்லிட்டேனே."

"நானும் கேட்டுக்கிட்டுத்தானேம்மா கிடந்தேன்" என்றார் தலைவர். "போதும், எந்திரிம்மா."

அவள் எழுந்திருக்கவில்லை. கடைசி மண்ணும் மூடும்வரை, "மன்னிச்சுக்கடா, மன்னிச்சுக்கடா" என்று குழிக்குள் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.