இடம் மாறிய கலங்கரை விளக்கம்

தம்பி தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "கொட்டகையைக் காலி பண்றேன்க்கா. உனக்கு ஏதாவது வேணும்னா வந்து எடுத்துக்கோ." தனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்பதில் அக்காவுக்கு ஐயமே எழவில்லை. மருத்துவமனை மருந்தகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

தம்பி நடத்தும் அலைச்சறுக்குப் பள்ளியின் பின்புறம் இருந்தது கொட்டகை. முன்பு அங்கேதான் அப்பா மீன்பிடிப் படகுகளுக்கு ஃபைபர் ஒட்டினார். ரெசின் வாடை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. பழைய சறுக்குப் பலகைகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன. வெள்ளையாகப் பிறந்தவை யாவும் புகையிலை போட்ட பல்போலப் பழுத்திருந்தன. ஒன்றுக்கு மூக்கு உடைந்திருந்தது. இன்னொன்றுக்கு அடியில் இருக்க வேண்டிய துடுப்பு இல்லை. கால் வழுக்காமலிருக்கப் பூசிய மெழுகு, மணலையும் முடியையும் வாங்கிக்கொண்டு அழுக்குப் பொருக்காகக் காய்ந்துபோயிருந்தது.

தன் பலகையை அவள் தேட வேண்டியிருக்கவில்லை. விளிம்பில் அப்பா போட்ட சதுர ஒட்டு, கோணாமல் அப்படியே இருந்தது. அதைத் தரையில் கிடத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றாள். குதிகால் அழுத்தி அழுத்தி விழுந்த குழிகளில் அவளுடைய பாதங்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. வலக்கால் முன்னே, இடக்கால் பின்னே. முழங்கால்தான் முணுமுணுத்தது.

தம்பி நிற்பது நேர்மாறாக. அவனுக்கு இடக்கால்தான் முன்னே. எழுதும் கை மாறாததுபோல, பலகையேறுகிறவர்களுக்கு முன்கால் மாறுவதில்லை.

அந்தப் பலகையைப் பழுதுபார்க்கக் கொடுத்த பயணி திரும்பி வரவே இல்லை. அப்பா அதைப் பரணாக்கப் பார்த்தார். மகள் கடலுக்கு எடுத்துப்போனாள். கற்றுக்கொடுக்க எவரும் இல்லாததால் விழுந்து, உப்புத் தண்ணீர் குடித்து, மூக்கு எரிய எரிய எழுந்து, கடைசியில் நின்றாள். தம்பியோ கரையில் உட்கார்ந்து அவளுடைய செருப்பைக் காவல் காத்தான். நுரை கணுக்காலைத் தொட்டால் பக்கவாட்டில் ஓடுவான். அதனால் அவனுக்கு 'நண்டு' என்று பெயர் வைத்தவளும் அவளே. பிறகு ஒருநாள் அப்பா, "நீ தண்ணி மேல நின்னது போதும். இனிமே தம்பி எடுத்துக்கட்டும்" என்றார். அதில் கோபம்கூட இல்லை. நாற்காலியை இடம் மாற்றிப் போடுகிறவர்போலச் சொன்னார். நண்டு வளர்ந்தான், பரிசுகள் வாங்கினான், பள்ளி தொடங்கினான், ஊருக்கே 'மாஸ்டர்' ஆனான். அவள் மாத்திரை எண்ணிக் கொடுக்கப் போனாள்.

"ஏறி வேற நிக்கிறியா? பார்த்துக்கா, இடுப்புப் பிடிச்சுக்கப் போகுது." தம்பி வாசலில் நின்றான்.

"என் இடுப்பு என் கவலை. இதை நான் கொண்டுபோறேன், நண்டு."

"மெதுவா பேசு. வெளியில ஆள் இருக்காங்க, அந்தப் பேரைச் சொல்லாத." அவன் பலகையைப் பார்த்தான். "அது மட்டும் வேணாம்க்கா. மத்தது எதை வேணாலும் எடுத்துக்கோ."

பக்கத்தில் புதிதாகத் திறக்கவிருக்கும் விடுதியின் வரவேற்பறைச் சுவரை இந்தப் பலகைகளால் நிரப்பப் போகிறார்களாம். நடுவில் இது, இதற்கு மேலே ஒரு பெரிய படம், கீழே, மாஸ்டர் முதன்முதலில் அலையேறிய பலகை என்று ஒரு பித்தளைத் தகடு.

அவள் வாய் திறப்பதற்குள் விடுதியின் அலங்காரப் பணியை ஏற்றிருந்த இளம்பெண், நீளமான சுருள் ஒன்றை இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். "யாரும் எதையும் தொடைச்சிடாதீங்க சார். அழுக்குதான் இதுல அழகே." சுருளை மேசைமேல் விரித்து, நான்கு மூலையிலும் மெழுகுக் கட்டிகளை வைத்தாள்.

காலை வெயிலுக்கு எதிரே ஓர் உருவம் அலைமேல் நின்றது: கைகள் விரிந்து, முழங்கால் மடங்கி, ஒட்ட வெட்டிய முடியோடு, முகம் மட்டும் நிழலில். அவ்வழியே வந்த புகைப்படக்காரர் ஒருவர் எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போன படம் அது. அடுத்த நொடியில் தான் தலைகுப்புற விழுந்ததுகூட அக்காவுக்கு நினைவிருந்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. துறைமுகத்துக் கலங்கரை விளக்கம் படத்தின் இடப்பக்கம் நின்றது. கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது என்றைக்கும் வலப்பக்கம்தான். பிறகு காலைப் பார்த்தாள். இடக்கால் முன்னே இருந்தது.

"லைட் ஹவுஸ் இந்தப் பக்கம் எப்ப வந்தது?"

"சார்தான் திருப்பிப் போடச் சொன்னாங்க மேடம். வாசல்ல இருந்து பார்க்க இப்படித்தான் எடுப்பா இருக்குமாம்." அளவெடுக்கும் நாடாவைக் காரிலேயே வைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு அவள் வெளியே போனாள்.

"திருப்பிப் போட்டா கால் மாறிடும்னு உனக்குத் தெரியும்" என்றாள் அக்கா.

"காலை எல்லாம் யாரு பார்க்கப் போறாங்கக்கா?"

"நீ பார்த்திருக்க. அதனாலதான திருப்பச் சொன்ன?"

அவன் மெழுகை நகத்தால் சுரண்டினான். "அது நான்னு எல்லாரும் அவங்களாத்தான் நினைச்சுக்கிட்டாங்க. நான் ஆமான்னு சொல்லவே இல்ல."

"இல்லைன்னும் சொல்லல."

"நம்ம ரெண்டு பேர் தலையும் அப்ப ஒரே மாதிரிதான் இருக்கும். அப்பா கத்திரிக்கோலுக்கு ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணுதான்."

"சிரிக்க வெக்காத. படத்தை நேரா போடு. கீழ நான்னு எழுதச் சொல்லு. போர்டை நீயே வெச்சுக்கோ, எனக்கு வேணாம்."

"இப்ப மாத்தினா இத்தனை வருஷமா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

"பின்ன என்ன சொன்ன?"

அலங்காரப் பெண் நாடாவோடு திரும்பி வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்து, பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று, "அக்காவும் தண்ணியில இறங்குவீங்களா?" என்று கேட்டாள்.

"இந்தப் படத்துல நிக்கிறதே நான்தான்." எந்த மாத்திரையை எப்போது விழுங்குவது என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

பெண்ணின் பார்வை அவளுடைய நரைத்த கொண்டையிலும், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய கண்ணாடியிலும் நின்று, பிறகு தம்பியிடம் போனது. 'ஆமாம்' என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும். அக்கா அதற்காகக் காத்திருந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டபோது, சொல்லிவிடுவான் என்றே நினைத்தாள்.

"அக்காவுக்கு எப்பவுமே கிண்டல்தான்" என்றான் அவன். "நான் அலையில நிக்கும்போது கரையில உட்கார்ந்து என் செருப்பைக் காவல் காத்தவங்க இவங்க."

"எவ்வளவு அழகா இருக்கு சார். அதையும் தகட்டுல சேர்த்துடலாமா?"

"சேருங்கம்மா" என்றாள் அக்கா. "செருப்பு என்ன நிறம்னு இவனையே கேட்டுக்கோங்க. நல்லா ஞாபகம் இருக்கும்."

அதுவும் நகைச்சுவை என்றெண்ணிப் பெண் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை.

அக்கா குனிந்து பலகையின் மூக்கைப் பிடித்துத் தூக்கினாள்.

"மேடம், அது நடுவுல வர வேண்டியது."

"இருக்கட்டும், கொண்டு போகட்டும்" என்றான் தம்பி. "வேற ஒண்ணை வெச்சுக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

அவளைவிட உயரமான பலகை வாசலில் திரும்ப மறுத்தது. கேட்காமலே அவன் வந்து மறுமுனையைப் பிடித்தான். நிலையில் இடிக்காமல் எங்கே சாய்க்க வேண்டும், எங்கே உயர்த்த வேண்டும் என்பதை இருவரில் எவரும் மற்றவருக்குச் சொல்ல நேரவில்லை. தெருவரைக்கும் சுமந்து வந்தான். கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையில் ஒட்டிய மெழுகைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"பஸ்ல ஏத்த மாட்டாங்க. சரக்கு வண்டி ஏதாவது பிடிச்சுக்கோ. பார்த்துப் போ."

அதற்குமேல் அவன் நிற்கவில்லை. மதில்சுவருக்கு அப்பாலிருந்து அவன் குரல், மாணவர்களுக்குப் பாடம் எடுக்கும் தெளிவோடு கேட்டது: "இந்த மூணுல எது நடுவுல எடுப்பா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க."