விளக்கடியில் நிற்கிறவன்

விளக்கடியில் அவன் நிற்கிறான், கிழிந்த கோட்டு, கையில் கோடரி, மூச்சு வாங்க வாங்கத் தோள் ஏறி இறங்குகிறது, எதிரே கடைசிக் கதவு, திரை ஓரத்தில் நாயகம் என்று பெயர், லெவல் நாற்பத்தொன்று, நான் எந்தப் பொத்தானையும் தொடுவதில்லை, மத்தியானம் தம்பி அசந்து தூங்குகிற முக்கால் மணி நேரம் இப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, டிவியை அணைத்து, அந்த ஆட்டத்தின் குறுந்தட்டை என் சேலை அடுக்குக்குள் ஒளித்துவிடுவேன், அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கேட்பான், எக்கா, இந்தப் பனிமனை ஆட்டத்துல ரெண்டுன்னு போட்டிருக்கே, அப்ப ஒண்ணு எங்க, புதுசா ஆடுதவன் எதுல ஆரம்பிக்கணும். நேற்றும் கேட்டான், முந்தாநாளும் கேட்டான், புறவழிச் சாலையில் பைக்கோடு விழுந்து இரண்டு வருஷமாகிறது, என்னைத் தெரிகிறது, சின்ன வயசெல்லாம் தெரிகிறது, கடைசிப் பத்து வருஷம் சுத்தமாகப் போய்விட்டது, புதிதாக எதைச் சொன்னாலும் ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் அதுவும் போய்விடும், நானும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தினமும் ஒப்பிக்கிறேன், ஏல, ஒண்ணாவது ரொம்பக் கஷ்டம், வழிகாட்ட ஒரு அம்புக்குறி கிடையாது, காலடிச் சத்தம் கேட்டாலே பேய் வந்துரும், விளக்கை ஏத்துனாத்தான் ஆட்டம் பதிவாகும், எண்ணெய் தீந்தா உன் பாடு அவ்வளவுதான், ரெண்டாவது அப்படி இல்ல, அதுவே பதிஞ்சுக்கிடும், ஒரு நர்ஸம்மா கூடவே வந்து எந்தக் கதவுன்னு காட்டும், நீ ரெண்டாவதுலயே ஆரம்பி. சரிக்கா என்பான், அவ்வளவு நம்பிக்கை, எனக்குத்தான் நாக்கு கசக்கும்.

ஏனென்றால் முதல் பாகத்தில் பதிவுக்கு ஒரே ஓர் இடம், புதிதாகத் தொடங்கினால் பழையது அழிந்துபோகும், அதை மட்டும் நான் அவனிடம் சொன்னதில்லை. அவன் விழுந்த அந்த வாரம், மாடி அறை, வெளியே மழை பெய்கிறது, தம்பி நாயகம் ஆடுகிறான், நான் தலையணையைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து நோட்டில் வழி வரைகிறேன், படிக்கட்டு, சமையலறை, இடது பக்கம் பிணவறை, திரையில் ஏதோ ஒன்று ஜன்னலில் முகத்தை வைக்க நான் அலறிய அலறலில் கீழ்வீட்டு மேரி டீச்சர் சப்பாத்தி மாவுக் கையோடு ஓடி வருகிறாள், நாயகம் விழுந்து விழுந்து சிரிக்கிறான், பேயே உன்னப் பாத்துப் பயந்துட்டுக்கா, கடைசிக் கதவை ஞாயித்துக்கிழமை திறப்போம், உனக்கும் லீவுதான, என்று விளக்கை ஏற்றி வைக்கிறான், வெள்ளிக்கிழமை விழுந்துவிட்டான்.

தம்பிக்கு நினைவுப் பயிற்சி கொடுக்க வருகிற ஜெபசெல்வி எட்டு மாசம் முன்பே சொன்னாள், எல்லாத்தையும் அதுவே காட்டுத ஆட்டம் வேண்டாம்க்கா, தானா வழி தேடுதது குடுங்க, தினமும் அதே வழியில போனா மனசு மறந்தாலும் கை பழகிக்கிடும். தலையை ஆட்டினேன், ஆட்டிவிட்டு மறுபடியும் இரண்டாவதைத்தான் போட்டேன், எட்டு மாசம், வெட்கமாக இருக்கிறது, அடுத்த அறையில் தூங்குகிறவனை விட்டுவிட்டு திரையில் நிற்கிறவனை அல்லவா காவல் காத்தேன், இரண்டு பேருக்கும் சோறு போடுகிற மாதிரி அலுத்துப் போனேன்.

ஒரு மத்தியானம் கொஞ்சம் முன்னாலேயே எழுந்து வந்துவிட்டான், எனக்கு அணைக்க நேரமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான், எக்கா, எம் பேரு போட்டிருக்கு, யாரு இது, என்கிறான், நீதாம்ல என்றேன், திரைக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான், பாவம்க்கா, எவ்வளவு நேரமா நிக்கான், கால் வலிக்காதா. நான் அழுதேன், ஏங்க்கா அழுத என்று சட்டை நுனியால் என் முகத்தைத் துடைக்கிறான், புதிய ஆட்டம் என்கிற இடத்துக்குப் போனேன், பழைய பதிவு அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது, எவ்வளவு சாதாரணமாகக் கேட்கிறது, சம்மதம் என்று அழுத்திவிட்டு கன்ட்ரோலரை அவன் கையில் கொடுத்தேன், பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுக்கப் போனவள் எடுக்காமல் புது நோட்டோடு வந்தேன், அன்றைக்கு நான்கு தடவை செத்தான், ஐந்தாவதில் முதல் விளக்கை ஏற்றினான்.

பத்து நாளாகிறது, பதினொன்றாகவும் இருக்கலாம், தினமும் கேட்கிறான், எதுல ஆரம்பிக்கணும், ஒண்ணாவதுல என்கிறேன், ஒரு விளக்கு மட்டும் ஏற்றிய அதே இடத்திலிருந்து தினமும் கிளம்புகிறான், தினமும் சமையலறைக்குள் போய் மாட்டிக்கொள்கிறான், இன்று சமையலறை வாசலில் நின்றான், நான் வாய் திறக்குமுன் கட்டைவிரல் இடது பக்கம் திரும்பியது, எப்படில தெரிஞ்சுது என்றேன், என்னதுக்கா என்றான். அவன் விளக்கடியில் நிற்கிறான், இரண்டாவது விளக்கு, லெவல் மூன்று, தோள் ஏறி இறங்குகிறது, போவோமாக்கா என்கிறான், போ என்றேன்.