கோமாளிக்கு ஒரு படி கம்பு

அம்மாவின் வாய் தை மாதத்தில் இடப்பக்கமாகக் கோணிப்போனது. முகவாதம் என்றார்கள். திருச்செங்கோட்டு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுப் பழகுங்க, சரியாப் போயிரும்" என்றார். அம்மா கண்ணாடியைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அதன் பிறகு வாசற்படி தாண்டவில்லை. கடைக்குப் போவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் நான்தான். என்னிடம் பேசும்போதுகூட முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள்.

அப்பா சங்ககிரியில் லாரி ஓட்டுகிறார். அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. அவர்தான் அம்மாவுக்குக் குணமாக வேண்டும் என்று, மாரியம்மன் நோம்பிக்குக் கோமாளி வேஷம் கட்டுவதாக வேண்டிக்கொண்டார்.

வேஷம் கட்டியவருக்கு அன்றைக்கு உறவு கிடையாது. யாரும் முறை சொல்லிக் கூப்பிடக் கூடாது. எல்லாருக்கும் அவர் கோமாளிசாமி. வீடு வீடாகத் தானியம் வாங்கி, கடைசியில் தன் வீட்டு வாசலுக்கே அந்நியராக வந்து நிற்பார். வீட்டுக்காரி வெளியே வந்து முறத்தில் போட்டால்தான் வேண்டுதல் நிறைவேறும்.

"நீயே போட்டுரு சாமி" என்று அம்மா காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்.

கொட்டாயில் உட்கார்த்தி நான்தான் அப்பாவுக்கு முகம் எழுதினேன். வெள்ளை பூசி, சிவப்பில் வாய் வரையும்போது அவர் தும்மிவிட்டார். கோடு இடது காதுவரை இழுத்துக்கொண்டு போனது. துணியை நனைத்துத் துடைத்தேன். போகவில்லை.

"இதென்ன பெயிண்டுங்கப்பா?"

"லாரிக்கு நம்பர் எழுதறது. பட்டறையில வாங்கியாந்தேன். மழைக்கே போகாது கண்ணு."

"அம்மா வாய் மாதிரியே ஆயிப்போச்சுங்க."

அப்பா பைக் கண்ணாடியில் பார்த்தார். அழிக்க டீசல் தேடுவதற்குள் மேளம் வந்துவிட்டது.

தெரு முழுக்கச் சிரிப்பு. "கோமாளிசாமி, வாயை எந்த டோல்கேட்டுல கொண்டு போயி இடிச்சீங்க?" என்று பக்கத்து வீட்டு வெள்ளியங்கிரி கேட்டார்.

எங்கள் வாசலுக்கு வந்ததும் அப்பா முறத்தைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டார். நான் உள்ளே ஓடினேன். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு மூஞ்சிய மறைக்கறாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் சொல்வதற்குள் அம்மா படி நிறையக் கம்பு அள்ளி, முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே வெளியே போனாள்.

"மொறத்தை எறக்குனாத்தானுங்க கம்பு போட முடியும்" என்றாள், பல்லைத் திறக்காமலே.

அப்பா மெல்ல இறக்கினார். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அம்மா அந்தச் சிவப்பு வாயையே பார்த்தாள்.

"எம்பட ஊட்டுக்காரரு லாரிக்குப் போயிருக்காருங்க கோமாளிசாமி" என்றாள். பேசியதில் முந்தானை நழுவிவிட்டது. "அவருக்கும் இந்த மாதிரி வாயத் தொறக்கத் தெரிஞ்சா எத்தனையோ தேவலீங்க."

வெள்ளியங்கிரிதான் முதலில் சிரித்தார். அடுத்து அம்மாவே சிரித்துவிட்டாள். இரண்டு கையும் படியில் இருந்தது. வாயை மூட வழியில்லை. அது பாட்டுக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அப்பாவுக்குச் சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. கன்னத்துப் பெயிண்ட் பாளம் பாளமாக வெடித்தது.

"சிரிக்காதீங்க, உரிஞ்சு உழுந்துரும்" என்றாள் அம்மா.

கம்பைப் போட்டுவிட்டு அவள் உள்ளே திரும்பவில்லை. கோயில்வரை கோமாளிசாமிக்குப் பின்னாலேயே நடந்தாள். வழியில் நின்றவர்களிடமெல்லாம், "பாருங்க, எனக்குச் சோடி கெடச்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.