பெயர்க் கட்டத்தில் நான் எழுதியது

இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் வைத்தவன் நான். மீதிப் பேர் நான் விடுப்பு எடுத்த நாட்களில் பதிவானவர்கள்.

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் எழுத்தர். பெயர் முடிவாகாத குழந்தை என்றால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுச் சான்றிதழ் கொடுப்போம்; பிறகு வந்து எழுதிக்கொள்ளலாம். அப்போதும் திருதிருவென்று விழிப்பவர்களுக்கு நான் எடுத்துக்கொடுப்பேன், பொருளோடு.

கீழ்த்தளத்து முடிவெட்டும் கடைக்காரர் இதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"சார், உங்க புளுகைக் கூட்டி அள்ள என் கடைத் துடைப்பம் பத்தாது. ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க, பாப்போம்."

எங்கே போவேன்? சாட்சி சொல்லக்கூடிய மனைவி போய் நான்கு வருடம். வீட்டில் இப்போது என்னோடு பேசுவது குளிர்சாதனப் பெட்டிதான், அதுவும் முனகல். 'பெயருக்குப் பொருள் சொல்லப்படும்' என்று வாசலில் அட்டை மாட்டி, கூட்டத்தைச் சமாளிக்க ஆறு நாற்காலி போட்டேன். மூன்று மாதத்தில் வந்தவர் மின்மீட்டர் பார்ப்பவர் ஒருவரே. அவரும் உட்காரவில்லை.

பிறகு ஒரு நாள் கடைக்காரரே ஒரு பெண்ணை மேலே அழைத்து வந்தார். அவள் கையில் பழைய சான்றிதழ்.

"ஐயா, எந்த அகராதியிலயும் என் பேரு இல்ல. ஸ்கூல்லேருந்தே கிண்டல். 'எழுதினவரைத்தான் கேக்கணும்'னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு; இப்ப அவரும் போய்ட்டாரு. பேரை மாத்த மனுகூட எழுதிட்டேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுடலாம்னு..."

பெயரைப் படித்தேன். நாற்காலி எனக்குத்தான் தேவைப்பட்டது.

அது எங்களுக்குப் பிறக்கப்போகும் பெண்ணுக்காக என் மனைவி தானே கோத்து உருவாக்கிய பெயர். பதினோரு வருடம் வைத்திருந்தோம். பெண் பிறக்கவில்லை. அப்போதுதான் ஒரு நாள், தாயில்லாத குழந்தையான இவளைத் தோளில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்த இவள் அப்பா, "நீங்களே ஏதாவது எழுதுங்க சார்" என்றார். எழுதிவிட்டேன். வீட்டில் சொன்னபோது மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அந்தப் பொண்ணாவது நல்லா இருக்கட்டும்" என்றாள்.

"வீட்டு அமைதியைக் கலைக்க வந்தவள்னு அர்த்தம்மா," என்றேன் எதிரில் நின்ற பெண்ணிடம்.

இதில் ஒரு சிட்டிகைகூட நான் கூட்டவில்லை. பழக்கமில்லாததால் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

அவள் படிக்கட்டு அதிரச் சிரித்தாள். "எங்க வீட்ல எனக்கு லவுட்ஸ்பீக்கர்னுதான் பேரு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு மனுவை நான்காகக் கிழித்தாள்.

கடைக்காரர் சான்றிதழை வாங்கி, அடியிலிருந்த என் கையெழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு தடவை.

"நடந்திருக்கு சார்," என்றார். "ஒத்துக்கறேன்."