‘படு’ என்று குறித்த வேலைகள்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் சகல மாந்தரும் செவிமடுக்கக் கடவர்: இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை தொட்டு, எங்கள் நிவாரண அலுவலகத்தில் மறதி ஒழிக்கப்பட்டது.

ஒழித்தவர் ஹெக்டர். கொழும்பிலிருந்து புதிதாக வந்த பணிப்பாளர். வரும்போது ஒரு மென்பொருளையும் கொண்டுவந்தார். யார் என்ன செய்யவேண்டும் என்பதையெல்லாம் அதில் பதியவேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இலக்கம், ஒரு குறிச்சொல். பில்டர் போட்டால் வேண்டிய வேலை மட்டும் திரையில் நிற்கும், மற்றது மறைந்துவிடும். நாட்டில் அப்போது சமாதானம் கடதாசியிலும் ஷெல் ஆகாயத்திலும் இருந்தன. ஹெக்டர் அதைப் பொருட்படுத்தவில்லை. ‘திரையில் இல்லாத வேலை உலகத்தில் இல்லை’ என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்.

வேலைகளைப் பதிந்தவள் வெளிக்கள உத்தியோகத்தர் புஸ்பம். குறிச்சொல்லுக்கு மென்பொருள் ஒதுக்கியிருந்த பெட்டி சின்னது. ஆகவே வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை வேலைகளுக்கு ‘எழு’ என்றும், மேற்கே படுவான்கரை வேலைகளுக்கு ‘படு’ என்றும் சுருக்கிப் போட்டாள்.

நாற்பத்தேழாம் வேலை, படுவான்கரை விவசாயி கந்தப்போடிக்குக் கொடுக்கவேண்டிய பம்ப். வெல்லாவெளிப் பக்கம் அவருடைய வயல் வட்டையில் வாய்க்கால் வற்றிவிட்டது. நெல் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நின்றது. பள்ளத்து மடுவில் தண்ணீர் உண்டு, மேலே ஏற்ற வழியில்லை. பம்ப் எங்கள் களஞ்சியத்தில் கிடந்தது. அதை வாவிக்கு அப்பால் கொண்டுபோக இராணுவ முகாமின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்க ஹெக்டரின் கையெழுத்து வேண்டும்.

புஸ்பம் கடிதத்தை நீட்டினாள்.

“இலக்கம் என்ன மிஸ்?”

“நாப்பத்தேழு சேர்.”

ஹெக்டர் திரையைப் பார்த்தார். “நாப்பத்தாறு இருக்கு, மண்டபத்துக்குத் திரைச்சீலை. நாப்பத்தெட்டு இருக்கு, பெயர்ப்பலகைக்குப் பெயின்ட். நாப்பத்தேழு இல்லையே.”

“நான் பதிஞ்சனான் சேர். என்ட கொம்பியூட்டர்ல நிக்குது.”

“அப்ப உங்க கொம்பியூட்டர்லதான் பிழை.”

“கடிதம் கையில இரிக்கே சேர். ஒரு கையெழுத்துத்தானே?”

ஹெக்டர் சுவரைக் காட்டினார்.

புஸ்பம் அதே இலக்கத்தில் மறுபடியும் பதிந்தாள், ஒழுங்கானவள் என்பதால் மறுபடியும் ‘படு’ என்றே போட்டு. அதுவும் ஹெக்டரின் திரைக்கு வரவில்லை. திரைச்சீலை வந்தது. பெயின்டும் வந்தது.

கந்தப்போடி படகுப்பாதை என்ற மிதவையில் வாவியைக் கடந்து, சோதனைச் சாவடியில் சட்டையைக் கழற்றிக் காட்டி, மறுபடி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“என்ன புள்ள, பம்பு எப்ப வரும்?”

“பெட்டிக்குள்ள கிடக்கு அண்ணன், வெளிய வருகுதில்ல.”

“பெட்டிய உடையன் கா!”

“அந்தப் பெட்டி இல்ல அண்ணன்.”

அடுத்த கிழமையும் வந்தார். இந்த முறை தானே உள்ளே போனார். ஹெக்டர் மரியாதையாக நாற்காலி கொடுத்து, திரையைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க ஐயா, செய்யவேண்டிய வேலை ஒண்டும் பாக்கியில்லை. எல்லாம் முடிஞ்சுது.”

“முடியப்போறது என்ட வேளாண்மை மனே.”

“அதைப் பதியச் சொல்லுங்க.”

வெளியே வந்த கந்தப்போடியின் முகத்தைப் பார்த்த புஸ்பம், யாரிடமும் கேட்காமல் காத்தான்குடியிலிருந்து கொம்பியூட்டர் திருத்தும் மஜீடை வரவழைத்தாள். மஜீட் வர மின்சாரம் போனது. மின்சாரம் வர மஜீட் தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து ஹெக்டரின் கொம்பியூட்டர் எலியை இரண்டு தரம் அழுத்தினார்.

“சேர், இதென்ன பில்டர் போட்டு வெச்சிரிக்கீங்க? ‘படு’ எண்டதையெல்லாம் ஒளிச்சு வையெண்டு இரிக்கி.”

“ஓம், நான்தான் போட்டேன். எழு என்றால் உடனே எழும்பிச் செய்யவேண்டியது. படு என்றால் அவசரமில்லாதது, படுத்துக் கிடக்கட்டும். நல்ல முறை. முதல் நாளே மிஸ்ஸைப் பாராட்ட நினைச்சேன்.”

கந்தப்போடிதான் வாயைத் திறந்தார்.

“படுவான்கரை மனே. பொழுது படுற கரை. நாங்க ஒருத்தரும் படுத்துக் கிடக்கல்ல.”

“எனக்கு வந்த வரைபடத்தில் எல்லாம் மேற்குப் பிரதேசம் என்றுதானே இருக்கு?” என்றார் ஹெக்டர், வரைபடத்தின்மேல் கோபமாக.

மஜீட் பில்டரை எடுத்துவிட்டார். வாவிக்கு மேற்கே உள்ள பாதி மாவட்டமும் திரையில் வந்து விழுந்தது: கிணறு, கூரைத்தகடு, பிரசவத்துக்கு வண்டி, நாற்பத்தேழு இரண்டு தரம். ஹெக்டர் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார். பிறகு உடனடியாக ஒரு புதிய வேலையைப் பதிந்தார்: ‘குறிச்சொல் இடுவது பற்றி ஊழியருக்குப் பயிற்சிப் பட்டறை’. குறிச்சொல், எழு.

அதன் பிறகு கடிதத்தில் கையெழுத்திட்டார். முகாம் தன் பங்குக்குத் தாமதித்து, பெற்றோல் இல்லாமல் பம்பை மட்டும் கொண்டுபோகலாம் என்றது. பம்ப் படகுப்பாதையில் ஏறியது. புஸ்பம் கூடவே போய் வட்டையில் இறக்கிவிட்டு, தொலைபேசியில் சொன்னாள். ஹெக்டர் நாற்பத்தேழுக்கு நேரே சரி போட்டார். பச்சை நிறத்தில் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்று வந்தது. அதை அச்சடித்துக் கொழும்புக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

கருகின வேளாண்மையை மாடு மேய்ந்துகொண்டிருந்தது.