பின்தெருக் கூட்டம்

அன்று மாலை என் கணவர் ஜமீரின் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"குடியை நிறுத்துறவங்க கூட்டம் பின்தெரு சர்ச்லயே நடக்குது. அங்கயே போயிடறேனே, அஷ்ரபு."

"அங்க போனா மஹல்லா பூரா தெரிஞ்சிடும். நம்ம ஷிபாவுக்கு மாப்பிள்ளை பாத்துகினு கீறோம். திருநின்றவூர் கூட்டத்துக்கே போங்க."

"நான் தெருவுல உழுந்து கெடந்தப்பவே தெரிஞ்சிடுச்சே," என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பூந்தமல்லியிலிருந்து அவர் பஸ் மாறிப் போக வேண்டும். மாறுகிற நிறுத்தத்துக்கு எதிரிலேயே மதுக்கடை. அன்று இரண்டாவது பஸ்ஸில் அவர் ஏறவில்லை. கடையிலிருந்து தள்ளாடித் திரும்பியவர் மீது லாரி மோதிவிட்டது.

மூன்றாம் நாள், பின்தெருக் கூட்டத்தை நடத்துபவர் வந்தார். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் நான் இருந்ததால் திரைக்கு அப்பால் நின்று பேசினார்.

"பாய் ரெண்டு வாட்டி எங்க வாசல் வரைக்கும் வந்தாரும்மா. உள்ள வாங்கன்னேன். ஊட்ல வேணாங்கிறாங்கன்னு திரும்பிட்டாரு."

நான்கு மாதம் பத்து நாள் நான் வாசலைத் தாண்டக் கூடாது. வியாழக்கிழமை ஏழு மணிக்கு அவர்கள் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் எங்கள் சமையலறையில் எப்போதும்போல் கேட்கிறது.