இருபத்தைந்தாவது ஆள்

அண்ணி காலர் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே படிவத்தோடு உட்கார்ந்து, ஏழு வருடமாக ஒரே வீட்டில் இருப்பவளிடம் பெயர், வயது, பாலினம் எல்லாம் கேட்டு முடித்திருந்தேன். விதி அப்படி.

எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் ஒரே வேலைச் சந்தையா, தனித்தனியா என்று திட்ட அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. நூறு பேரைக் கேட்பது. இருபத்தைந்து பேராவது அங்கே வேலைக்குப் போனால் இரண்டும் ஒன்று. ஒன்றானால் காலையில் நேர்ப் பேருந்து விடுவார்கள். எங்கள் ஊரில் உள்ள அலுவலகக் கிளையை மூடிவிடுவார்கள். கிளை என்பது ஓர் அறை, ஒரு மின்விசிறி, நான். தொண்ணூற்றொன்பது பேரைக் கேட்டாயிற்று. போகிறவர்கள் இருபத்துநான்கு. நூறாவது படிவம் அண்ணியுடையது.

பக்கத்து ஊர்த் தையல் ஆலையில் அவளுக்கு மேற்பார்வையாளர் வேலை தயாராக இருந்தது. பேருந்து இல்லாததால் மூன்று மாதமாகத் தயாராகவே இருந்தது. இந்த மாதத்துக்குள் பேருந்து வருமா என்று தெரியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

"போன ஏழு நாள்ல எங்க வேலை செஞ்சீங்க?"

"இந்த மெஷின்லதான். உனக்குத் தெரியாதா?"

"அப்ப உள்ளூர்."

அவள் தையலை நிறுத்தினாள். "பஸ் விட்டா நான் போவேன்ல?"

போனால்தான் பேருந்து விடுவார்கள் என்று விளக்கினேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. சம்பளம் வாங்குகிறவனுக்கு அப்படித்தான் படும். அவள் படிவத்தை வாங்கி, நான் ஒருநாளும் படிக்காத பின்பக்கத்தைப் படித்தாள். ஏழு நாள் கணக்கு படிவம் கொடுக்கும் நாள்வரை. ஒரு மணி நேரம் செய்தாலும் வேலைதான். இரண்டு இடம் என்றால் தொலைவில் உள்ளதை எழுத வேண்டும்.

"இதை எப்பக் குடுக்கணும், ஆபீசரே?"

"நாளைக்குச் சாயங்காலம்."

உடனே ஆலைக்குப் போன் செய்து, நாளை ஒருநாள் வந்து வேலை பார்த்துக் காட்டுகிறேன் என்றாள். பிறகு வாசலுக்குப் போய் என் சைக்கிள் டயரை அமுக்கிப் பார்த்தாள். முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். நான் போட்டிருந்த சட்டையே அவள் தைத்தது.

மறுநாள் காலை, என் வேலைக்கு நானே வேட்டு வைக்கப் பதினான்கு கிலோமீட்டர் மூச்சுவாங்க மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அண்ணி, மடியில் சாப்பாட்டு டப்பா வைத்த பை, அதன்மேல் படிவம். பாலத்து மேட்டில் சைக்கிள் நின்றேவிட்டது. இறங்கித் திரும்பிவிடலாம் என்பாள் என்று காத்திருந்தேன். இறங்கினாள். படிவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, பையை என் கழுத்தில் மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் கேரியரைத் தள்ள ஆரம்பித்தாள்.